தோல் போர்த்திய சுத்தியல்கள்

அருவருப்பு மூவகைப்படும் என்பது என் துணிபு. மூக்கின் வழியே வருவது முதல் வகை. அது குளித்தால் போகும். கண்ணின் வழியே வருவது இரண்டாம் வகை. அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் போகும். காதின் வழியே வருவது மூன்றாம் வகை. அதற்கு மாற்று இல்லை. காதுக்கு இமை படைக்கப்படவில்லை. இம்மூன்றும் ஒரே பெட்டிக்குள்ளிருந்து ஒருசேர எழுந்து என்னைத் தாக்கிய வரலாற்றை இங்கு எழுதப் புகுகின்றேன். அப்பெட்டி ஒரு பியானோ.

என் பெயர் ஹேமலதா. வேலூரில் ஒரு பள்ளியில் இசையாசிரியை, பியானோ வாசிப்பவள், பியானோவுக்கு இசை இயற்றுபவள். ஆயினும் நாற்பத்தேழு வயது நிரம்பிய என்னிடம் சொந்தமாக ஒரு பியானோ இருந்ததில்லை. ஏரில்லா உழவனைப் போலவும் உளியில்லாத் தச்சனைப் போலவும் நான் வாழ்ந்துவந்தேன். வீட்டில் இருந்தது மின்சாரத்தில் இயங்கும் கீபோர்டு. மின்சாரம் போனால் என் கலையும் போய்விடும்.

இக்குறை தீரும் என்ற நம்பிக்கை சென்ற தை மாதத்தில் தொலைபேசி வழியாக வந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றையும், அதையொட்டிக் காலணித் தொழிற்சாலை ஒன்றையும் நடத்திவரும் நிசார் அஹமது என்னை அழைத்தார்.

"மேடம், கம்பெனிக்கு அம்பது வருஷம் ஆவுது. ஃபாரின் பையர்ஸ்லாம் வர்றாங்க. புதுசா ஒரு மியூசிக் எழுதி நீங்களே வாசிக்கணும். பன்னெண்டு நிமிஷம் போதும். அதுக்கு மேல உக்கார மாட்டாங்க, பிரியாணி வாசனை வந்துடும்."

"எதுல வாசிக்கிறது சார்?"

"நம்ம கெஸ்ட் ஹவுஸ்ல பியானோ இருக்குதே! எங்க அத்தா காலத்துல ஒரு ஜெர்மன்காரர் டெக்னீஷியனா வந்து தங்கியிருந்தாரு. போவும்போது வுட்டுட்டுப் போய்ட்டாரு. இப்ப பல்லிதான் அதுல குடும்பம் நடத்துது. ஃபங்ஷன் முடிஞ்சதும் நீங்களே எடுத்துக்கோங்க மேடம். பணமா குடுத்தா கரைஞ்சுடும். இது வீட்ல நிக்கும்."

 தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன்.

அந்த விருந்தினர் இல்லத்தையும் அந்தத் தொழிற்சாலையையும் நான் அறிவேன். என் தந்தை அருணகிரி அங்கேதான் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். உப்பிட்டு வந்த பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரும் சதையும் கழன்று வருமாறு செய்வதே அவருடைய தொழில். வீடு திரும்பியதும் கைகழுவுவார். கழுவிய பின் மறுபடியும் கழுவுவார். எங்கள் ஊரான ஆம்பூரின் நிலத்தடி நீர் உப்பேறியது; சோப்பு அதில் நுரைக்காது. நுரை காணாத கைகளை என் மூக்கருகே நீட்டி, "பாப்பா, வாசன கீதா பாரு" என்பார்; வாசனை இருக்கிறதா என்று பொருள்.

"இல்லப்பா" என்பேன். என் குழந்தைப் பருவத்தில் நான் நாள்தோறும் சொன்ன பொய் அது ஒன்றே.

தாயார் தேவகி, மிஷன் மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தார். அங்கிருந்த சிற்றாலயத்தில் ஒரு பியானோ இருந்தது. அம்மா ஞானஸ்நானம் பெறவில்லை. ஆனால் ஆலயத்தின் சாவியைப் பெற்றார். பெஞ்சுகளைத் துடைத்து வைத்தால் மகள் பியானோவைத் தொடலாம் என்பது ஏற்பாடு. அம்மா வெளுத்த விரிப்புகளை மடிப்பார், நான் வாசிப்பேன். சோற்றின் மணத்தைவிடச் சலவைத் துணியின் மணத்தையே நான் விரும்பினேன் என்றால் அதன் காரணத்தை வாசகர் உணர்வர்.

பியானோத் தேர்வு எழுதச் சென்னைக்கு ரயிலில் செல்வேன். ஒருமுறை அரக்கோணத்தில் ஏறி என் அருகில் அமர்ந்த ஒரு பெண்மணி, சிறிது நேரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பிறகு தம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கடுத்து எழுந்து நின்றுகொண்டே பயணம் செய்தார். இருக்கை காலியாகவே இருந்தது. நான் அன்று தேர்வில் முதல் மதிப்பெண் பெற்றேன். ஆனால் அந்தக் காலி இருக்கையே என் நினைவில் நிற்கின்றது.

பின்னர்ச் சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி இசை எழுதினேன். மருமகள் அழுவதற்கு ஒன்று, மாமியார் கதவைத் திறப்பதற்கு ஒன்று, கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று தெரிவதற்கு ஒன்று. திரையில் வேறொருவர் பெயர் ஓடும். என் பெயரையும் போடுமாறு கேட்டபோது, "உங்க பேரு போட்டா இன்னா, போடலன்னா இன்னா, டியூன் ஒண்ணுதானே மேடம்" என்றார் அந்தப் பெயருக்குரிய இசையமைப்பாளர். பல்லிடுக்கில் சிக்கியதைத் தீக்குச்சியால் குத்திக்கொண்டே சொன்னார். அம்மா இறந்த பின் வேலூருக்கு வந்து, தந்தையையும் உடன் வைத்துக்கொண்டு, பள்ளியில் சேர்ந்தேன். இரவல் பியானோக்களில் என் இசையை இயற்றினேன். பெங்களூரில் ஒரு சிறு அரங்கில் அவற்றை வாசித்தும் இருக்கின்றேன். அடுத்து நடனமாட இருந்த குழந்தைகளின் பெற்றோர் பொறுமையுடன் கேட்டனர்.

ஆகவே நிசார் அஹமதுவிடம் "சரி" என்றேன்.

வாசிப்பதற்குரிய இசை என்னிடம் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு 'வெள்ளைத் துணி' என்று பெயரிட்டிருந்தேன். இருவர் எதிரெதிரே நின்று ஒரு விரிப்பின் முனைகளைப் பிடித்து, நெருங்கி வந்து, விலகி, மறுபடியும் நெருங்கி மடிப்பதைப் போன்று இரு கைகளும் அதில் இயங்கும். மிக மென்மையாக வாசிக்கப்பட வேண்டியது. அதில் ஓரிடத்திலும் சத்தம் உயராது.

மாசி மாதத்தில் விருந்தினர் இல்லத்துக்குச் சென்று பியானோவைத் திறந்தேன். என்னுடன் அப்துல் ஹமீத் நின்றார். அவர் தோலுக்கு வண்ணமும் மெருகும் ஏற்றும் பிரிவின் மேலாளர். அந்த இல்லத்தின் பொறுப்பும் அவரிடமே இருந்தது. முன்பலகையைக் கழற்றியதும் ஒரு நாற்றம் எழுந்தது. எலி ஒன்று உள்ளே குடியிருந்து, குட்டி ஈன்று, மறைந்தும் போயிருந்தது. தந்திகளைத் தட்டும் சுத்தியல்களின் தலைகளில் இருந்த கம்பளிப் படலத்தை அந்துப்பூச்சி அரித்திருந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தேன். தந்திகள் திடமாக இருந்தன, மரம் வெடிக்கவில்லை. ஒரு கட்டையை அழுத்தினேன். அரித்துப்போன அந்தச் சுத்தியலிலிருந்தும் ஒரு வட்டமான, ஆழமான ஒலி எழுந்து அறையின் மூலைவரை சென்று நின்றது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஹமீத் அதை எலியின் காரணமாக வந்ததென்று எண்ணி ஜன்னலைத் திறந்தார்.

"இந்த மண்டைல பஞ்சாட்டம் இருக்கறது இன்னா மேடம்?"

"ஃபெல்ட். ஆட்டு ரோமத்த அழுத்திச் செய்யறது. இத மட்டும் மாத்தணும்."

"ஆட்டு ரோமமா!" ஹமீத் வாய்விட்டுச் சிரித்தார். "நாங்க ரோமத்த வழிச்சுப் போட்டுட்டுத் தோல வச்சுப் பொழைக்கிறோம். இந்தப் பொட்டி செஞ்சவன் தோல வுட்டுட்டு ரோமத்தக் கட்டினு அழுவுறான். பேஜார் புடிச்ச தொழில் மேடம் உங்களுது."

"சென்னையில இருந்து ஒருத்தர் வருவாரு. அவர்தான் கழட்டணும். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

"நாங்க ஏன் மேடம் தொடறோம்?" என்றார் ஹமீத். அவர் பார்வை அந்தச் சுத்தியல்களை விட்டு அகலவில்லை. ஒரு விரலால் ஒரு சுத்தியலின் மூக்கைத் தடவிப் பார்த்தார். அதன் பொருளை நான் அப்பொழுதே உணர்ந்திருக்க வேண்டும்.

சென்னை வல்லுநர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று காலம் கடத்தினார். பள்ளியில் ஆண்டுத் தேர்வு வந்தது. விழாவுக்குச் சில நாள்களே எஞ்சியிருந்த நிலையில் நிசார் அஹமதுவிடமிருந்து அழைப்பு வந்தது. "மேடம், உடனே வாங்க. ஒரு சர்ப்ரைஸ்."

கூடத்தின் நடுவே பியானோ துடைத்து வைக்கப்பட்டிருந்தது. நிசார் அஹமது, மணமகளின் முகத்திரையை விலக்கும் உறவினரைப் போன்ற மலர்ச்சியுடன் முன்பலகையை அகற்றினார்.

எண்பத்தெட்டுச் சுத்தியல்களும் தோல் அணிந்திருந்தன.

முதிர்ந்த தேன் நிறத்து ஆட்டுத்தோல், மெருகேற்றப்பட்டுப் பளபளத்தது. ஒவ்வொரு சுத்தியலின் பக்கவாட்டிலும் நுண்ணிய தையல் ஓடியது. ஒவ்வொன்றின் கழுத்திலும் நிறுவனத்தின் முத்திரை பொறிக்கப்பட்டிருந்தது. எண்பத்தெட்டுச் சிறிய செருப்புகள் கால்கள் இல்லாமல் வரிசையில் நின்றன. அவற்றிலிருந்து எழுந்தது காலணி ஒட்டும் சொல்யூஷனின் நெடி. அதன் அடியில், எத்தனை மெருகு பூசினாலும் மறையாத அந்தப் பழைய நாற்றம்.

"லாஸ்டிங் செக்‌ஷன்ல நாலு பொண்ணுங்களக் குந்த வச்சு செஞ்சது மேடம்" என்றார் ஹமீத். "ஷூவுக்கு மூக்கு இழுத்து ஒட்டுவோம் பாருங்க, அதே மாதிரி. கொழந்த ஷூவ விட சின்ன சைஸ். ஒண்ணு கூட ரிஜெக்ட் இல்ல. எங்க மேகலா இருக்கே, அது கண்ணாடி போட்டுனு தையல் போட்டுது."

"பழைய ஃபெல்ட் எங்க?"

"கொளுத்திட்டோம். பூச்சி ஜாஸ்தி மேடம்."

"நான் தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"எலி செத்துக் கெடந்த எடத்துல உங்களக் குந்த வைக்கறதா? நல்லா கீதா!" என்றார் ஹமீத். அவர் முகத்தில் உண்மையான வியப்பே தென்பட்டது. "ஒலகத்துக்கே லெதர் அனுப்பறோம். நம்ம வீட்டுப் பொட்டிக்கு ஆட்டு மசுரா?"

நான் அமர்ந்து 'வெள்ளைத் துணி'யின் முதல் வரியை வாசித்தேன். மேல் ஒலிகள், காலணிக் குதியில் ஆணி அறைவதைப் போன்று இருந்தன. நடு ஒலிகள் கன்னத்தில் விழும் அறைகள். கீழ் ஒலிகளைப் பற்றி எழுதவே கூசுகின்றது: ஊறிய தோலைக் குழியிலிருந்து தூக்கிச் சிமெண்டுத் தரையில் வீசினால் எழும் 'சளப்' என்ற ஓசை. மென்மை என்பதே அதில் இல்லை. மெதுவாக அழுத்தினால் ஒலி எழவில்லை. எழுந்தால் மெதுவாக எழவில்லை. ஒட்டு இன்னும் முழுவதும் காயாததால், ஒவ்வொரு சுத்தியலும் தந்தியை விட்டு விலகும்போது ஒரு சிறு உறிஞ்சலும் கேட்டது. எச்சில் கையை நக்குகின்ற ஓசை அது. பழைய இலக்கணத்தார் இளிவரல் என்று குறித்த மெய்ப்பாடு அன்று என் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பரவிற்று.

"தப்பா போச்சா மா?" என்று கேட்டார் நிசார் அஹமது. அவர் முகம் வாடியிருந்தது. கெட்ட மனிதராக இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், அவர் நல்லவர். "ஆசையா செஞ்சுட்டாங்க. இந்த ஒரு நாள் சமாளிங்க. அப்புறம் உங்க வீட்டுக்குக் கொண்டுபோயி உங்க இஷ்டத்துக்கு ரோமத்த வச்சுக்கோங்க. பொட்டி உங்களுதுதானே?"

பெட்டி என்னுடையது என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் இணங்கினேன்.

அன்று வீட்டுக்குள் காலடி வைத்ததும் தந்தை நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா, தோல் ஷாப்பு வாசன அடிக்குது?"

"பியானோல தோல் ஒட்டி வச்சிருக்காங்கப்பா."

"பியானோவுக்கு எதுக்கு தோலு? அது இன்னா மேளமா?" என்றார். சிரிப்பார் என எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. எழுந்து சென்று கைகழுவினார். நாற்றம் வந்தது என் மீதிருந்து; கழுவப்பட்டவை அவர் கைகள்.

அந்தச் சுத்தியல்களுக்கு 'வெள்ளைத் துணி' பொருந்தாது என்பது தெளிவு. ஆகவே சினத்துடன் வேறொன்றை எழுதத் தொடங்கினேன். இவர்களுக்கு இவர்களுடைய சத்தத்தையே திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். இடக்கையில், தோல்களை உள்ளே போட்டு நாளெல்லாம் சுழற்றும் மர டிரம்மின் உருளல். அதன் மேல் ஈரத்தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் அறை. வலக்கையில், சதையை வழிக்கும் கத்தியின் சுரண்டல். நடுவே சாக்கடையில் குமிழி உடையும் ஓசை. உறிஞ்சும் அந்த எச்சில் ஒலியையும் விடவில்லை. அதற்கென்றே ஓரிடம் வைத்து, கட்டைகளை மிக மெதுவாக விடுவித்து அதை எல்லோரும் கேட்கச் செய்தேன். அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் குமட்ட வேண்டும். அதுவே என் குறிக்கோள். எழுதும்போது எனக்கே இருமுறை எழுந்து வெளியே சென்று நிற்க வேண்டியிருந்தது.

ஆயினும் ஓர் உண்மையை மறைப்பது கலைஞருக்கு அழகன்று. நான் அதுவரை எழுதியவற்றுள் அதுவே சிறந்ததாக அமைந்தது.

விழாவின் காலையில் ஒத்திகைக்குச் சென்றேன். புதிய இசையை முழுவதுமாக வாசித்து முடித்தபோது, தூணருகே தேநீர்க் கோப்பையுடன் ஹமீத் நின்றிருந்தார். தேநீரில் ஆடை படர்ந்திருந்தது.

"யப்பா!" என்றார். "மயிர்க்கூச்செறியுது மேடம். எங்க டிரம் யார்டே எந்திரிச்சு வந்துடுச்சு. இத மட்டும் இப்படியே வாசிங்க, சாஹிப் இத இத்தாலிக்கு எடுத்துனு போயிடுவாரு."

"எத?"

"பொட்டியதான். அங்க தோல் எக்ஸ்போ நடக்குதே. 'லெதர் பியானோ'ன்னு நம்ம ஸ்டால்ல நிறுத்தலாமான்னு ராத்திரி என்னாண்ட பேசினு இருந்தாரு. பையர்ஸ் மூஞ்சியப் பாத்துட்டு முடிவு பண்றேன்னாரு." பிறகு என் முகத்தைக் கண்டு குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்களுக்கு வேற ஏதோ குடுப்பாரு. கம்மியா குடுக்கற ஆளு இல்ல."

பையர்கள் மகிழ்ந்தால் பியானோ இத்தாலிக்குப் போகும். அவர்கள் கொட்டாவி விட்டால் அது என் வீட்டுக்கு வரும். நான் நன்றாக வாசித்தால் இழப்பேன். மோசமாக வாசித்தால் பெறுவேன். மோசமாக வாசிப்பதற்கு நான் முயலவும் தேவையில்லை. 'வெள்ளைத் துணி'யை அந்தச் சுத்தியல்களில் வாசித்தாலே போதும்.

என் கைப்பையில் இரண்டு இசைத்தாள்களும் இருந்தன. மாலைவரை யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். உடனே முடிவு செய்துவிட்டேன். பியானோவே வேண்டும்.

கூடத்தில் பையர்கள் முன்வரிசையில் அமர்ந்தனர். கடைசி வரிசைகளில் ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. என் தந்தை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அவருடன் குழியில் வேலை பார்த்த பஞ்சாட்சரத்தின் பக்கத்தில் அமர்ந்திருந்தார். நான் மேடையேறும்போது பஞ்சாட்சரம் உரக்கவே சொன்னார்: "இன்னா அருணகிரி, உன் பொண்ணு வாசிக்கிறப்ப நீ ஏன்யா பரீட்ச எழுதற மாதிரி ஒக்காந்துனுகீற? கால நீட்டு."

'வெள்ளைத் துணி'யை எடுத்து வைத்தேன். தொடங்கினேன்.

நினைத்தது நினைத்தபடியே நடந்தது. முதல் வரியிலேயே ஒரு பையர் கைப்பேசியை எடுத்தார். இன்னொருவர் கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். நிசார் அஹமதுவின் முகம் இருண்டது. ஹமீத் கைகளைப் பிசைந்தார். பியானோ, கட்டை கட்டையாக, என் வீட்டை நோக்கி நகர்ந்துவந்தது. வாசல் குறுகலானது, கதவைக் கழற்ற வேண்டும், சுவரோரம் எந்தப் பக்கம் வைப்பது என்றெல்லாம் மனம் கணக்கிட்டது.

அப்பொழுது இரு கைகளும் முதன்முறை நெருங்கி வரும் இடம் வந்தது. அம்மா விரிப்பின் முனையை என் கையில் கொடுக்கும் இடம் அது. சுத்தியல்கள் தந்தியில் விழுந்து, விலகி, அந்த எச்சில் ஒலியை எழுப்பின.

அம்மாவின் சலவை விரிப்பின் மீது யாரோ சுண்ணாம்புக் குழியின் கையைத் துடைத்ததைக் கண்டதாக உணர்ந்தேன். துடைத்தவள் நானே. இன்னும் பத்து நிமிடங்கள் துடைக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பிலும், ஒவ்வொரு முனையிலும். பிறகு அந்தப் பியானோவை வீட்டில் வைத்து, அதற்குப் புதிய கம்பளி போட்டு, அதே இசையை அதிலேயே வாசிக்க வேண்டும். என்னால் இயலாது என்று விரல்கள் எனக்கு முன்பாகவே அறிந்தன. அவை நின்றுவிட்டன.

கூடத்தில் ஒருவர் இருமினார். நான் தாளைக் கீழே வைத்தேன். மற்றத் தாளை எடுத்தேன்.

டிரம் உருளத் தொடங்கியது. ஈரத்தோல் தரையில் அறைந்தது. கைப்பேசி மடிக்குள் சென்றது. கத்தி சதையை வழித்தது; சாக்கடை குமிழியிட்டது. நான் அவர்கள் முகத்தில் உமிழ்கிறேன் என்று எண்ணிக்கொண்டு வாசித்தேன். அவர்களோ தலையை அசைத்தனர். முன்வரிசையில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி கண்களை மூடி முறுவலித்தார். நிசார் அஹமதுவின் கண்கள் கலங்கியிருந்தன. குமட்ட வேண்டிய இடங்களிலெல்லாம் அவர்கள் குளிர்ந்தனர். ஒருவருக்கேனும் உறைக்காதா என்று ஏங்கி, எச்சில் ஒலிக்கென வைத்திருந்த அந்த இடத்தில் கட்டைகளை இயன்ற அளவு மெதுவாக விடுவித்தேன்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பின்னுக்கு இழுக்கப்பட்டது. என் தந்தை எழுந்தார். யாரையும் பாராமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

முடித்தபோது எழுந்து நின்று கைதட்டினர். நிசார் அஹமது மேடையேறி ஒலிவாங்கியைப் பற்றினார். "இது எங்க ஃபேக்டரி சத்தம்! எங்க அத்தா கேட்டிருந்தா அழுதிருப்பாரு. இந்த லெதர் பியானோவ இந்த வருஷமே இத்தாலிக்குக் கொண்டுபோறோம்!" என்றார். பின்பு என் பக்கம் குனிந்து, "உங்களுக்குப் புது கீபோர்டு வாங்கி வச்சிருக்கேன் மா. டாப் மாடல். இந்தப் பழசு எதுக்கு உங்களுக்கு?" என்றார். வாக்குத் தவறியதாக அவர் சிறிதும் உணரவில்லை. எனக்கு நன்மை செய்துவிட்ட நிறைவே அவர் குரலில் இருந்தது.

நான் பின்வாசல் வழியாகத் தந்தையைத் தேடிச் சென்றேன். பிரியாணி அண்டாக்களுக்கு அப்பால், தட்டுக் கழுவும் குழாயடியில் அவர் குனிந்து நின்றிருந்தார். சட்டைக்கை முழங்கைவரை மடித்துவிடப்பட்டிருந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"நொர வரமாட்டேங்குது பாப்பா. இத்தினி வருஷம் ஆச்சு, இந்தத் தண்ணி இன்னும் அப்படியே கீது."

"ஏன்பா எழுந்து வந்துட்ட?"

அவர் நிமிரவில்லை. "வேலய வுட்டு எத்தினி வருஷமாச்சு. மறந்துட்டேன்னு இருந்தேன். நீ அந்த எடத்துல வாசிச்ச பாரு... கை ரெண்டும் வழவழன்னு ஆய்டுச்சு. சத்தியமா சொல்றேன், நகத்துக்குள்ள அந்த சதை இருந்துச்சு." மேலும் தேய்த்தார். "நல்லாத்தான் வாசிச்ச. எதுக்கு அத வாசிச்ச?"

நான் பையர்களுக்கென்று எறிந்தது அவர் ஒருவர் மீதே விழுந்திருந்தது.

ஹமீத் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மேடம், உங்கள எங்கல்லாம் தேடறது! சாஹிப் கேக்கறாரு, பாஸ்போர்ட் கீதா உங்களுக்கு? பொட்டி கூட நீங்களும் போவணுமாம். ஸ்டால்ல தெனம் மூணு வாட்டி வாசிச்சா போதுமாம். பேக்கு, பெல்ட்டு பாக்க வர்றவங்க கேட்டுனு போவாங்க. ஃப்ளைட்டு, ரூமு எல்லாம் கம்பெனி. உங்க பேரு பெருசா போர்டுல போடுவோம்."

என் பெயர் பெரிதாகப் பலகையில். அதை நான் இதுவரை ஒருமுறையும் கண்டதில்லை.

"ஹமீத் பாய், பொட்டி உங்களுது. கொண்டுபோங்க" என்றேன். "அந்த மியூசிக் என்னுது. அத இனிமே யாரும் வாசிக்க மாட்டாங்க, நானும் சேத்து. வீடியோ எடுத்திருந்தா அதையும் போடக் கூடாதுன்னு சாஹிப்கிட்ட சொல்லிடுங்க."

"இன்னா மேடம் இது! எல்லாரும் எழுந்து கை தட்டுனாங்களே!"

"அதனாலதான்."

"அப்ப கீபோர்டு? வண்டில ஏத்தியாச்சே."

"இறக்கிடுங்க."

ஹமீத் என் தந்தையைப் பார்த்தார். தந்தை சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்சவங்க பேஜாரே தனி" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் அண்டாக்களைச் சுற்றிக்கொண்டு சென்றார். கூடத்திலிருந்து யாரோ பியானோவின் கட்டைகளைத் தட்டிப் பார்க்கும் ஓசை வந்தது. சளப், சளப் என்று இருமுறை, பின்பு சிரிப்பு.

தந்தை குழாயை மூடிவிட்டு, ஈரக் கைகளை என் மூக்கருகே நீட்டினார்.

"கீதா பாரு."

குனிந்து முகர்ந்தேன். பாத்திரச் சோப்பின் எலுமிச்சை மணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. "இல்லப்பா" என்றேன். அது உண்மை.

பிறகு என் கைகளை அவர் முன் நீட்டினேன். அவர் என் விரல்களைப் பற்றி, ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுசென்றார். முகம் சுளித்தது. நெடுநாள் குழியில் நின்றவரின் மூக்கு. அதை ஏமாற்ற இயலாது.

"கீது" என்றார். "ஜாஸ்தியா கீது. வா, இப்படி நில்லு."

சோப்பை என் கையில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டார். நான் தேய்த்தேன். நுரை வரவில்லை.